நாற்காலிக்கு முன்பு ஒரு படிப்பு

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டைம்லரும் ராயல் என்ஃபீல்டும் வந்தன. இந்தத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் தலைமையாசிரியரின் வேலை எப்படி மாறிவிட்டது என்பதுதான் அதிகம் பேசப்படவில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பம், கல்வியாண்டின் நடுவில், மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையோடு வந்து நிற்கும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் தரவேண்டும். தமிழே தெரியாமல் ஐந்தாம் வகுப்பில் உட்காரும் அந்தக் குழந்தைக்கு எந்த ஆசிரியரின் எந்த நேரத்தை ஒதுக்குவது? அதைச் சட்டம் சொல்லாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பகல் ஷிப்டில் இருக்கும் ஒரு தாயை மூன்று மணிக் கூட்டத்துக்கு வரச்சொன்னால் அவருடைய ஒருநாள் கூலி போய்விடும். போதாக்குறைக்கு, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதனால் சுவருக்கு வண்ணம் அடித்துத் தருகிறோம் என்று ஒருவர் வரலாம். “வண்ணம் இருக்கட்டும், கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி செய்து கொடுங்கள்” என்று கணக்கோடு பேசத் தெரிந்தவர் தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தால்தான் பணம் உருப்படியாகச் செலவாகும்.

அந்த நாற்காலிக்கு ஒருவர் எப்படி வருகிறார்? அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் பணிமூப்பின் வழியாகத்தான். வேதியியலை இருபது ஆண்டுகள் அருமையாக நடத்திய முதுகலை ஆசிரியர், ஒரு கலந்தாய்வு நாளில் பதவி உயர்வு ஆணையோடு வேறு ஊருக்குப் போய், மறுநாள் காலை ஒரு பள்ளிக்கே பொறுப்பாகிறார். வட்டாரக் கல்வி அலுவலர்களில் ஒரு பகுதியினரை ஆசிரியர் தேர்வு வாரியமும், மாவட்டக் கல்வி அலுவலர்களில் ஒரு பகுதியினரை அரசுப் பணியாளர் தேர்வாணையமும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றன. அங்கும் பி.எட். கேட்கிறார்களே தவிர, பள்ளி நிர்வாகத்தில் தனிப் பட்டம் கேட்பதில்லை. எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்கள் பதவி உயர்வு பெறவும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி எழுந்த விவாதத்தில் ஒன்று விட்டுப்போனது. அந்தத் தேர்வு குழந்தை உளவியல், மொழி, பாட அறிவு ஆகியவற்றைச் சோதிக்கிறது. ஒரு பள்ளியை நடத்துவது அதன் பாடத்திட்டத்திலேயே இல்லை.

பள்ளி நிர்வாகத்தைப் படிக்க வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. எம்.எட். பாடத்திட்டத்தில் கல்வி நிர்வாகம் ஒரு பகுதி. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி மேலாண்மையிலும் நிர்வாகத்திலும் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது. டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தில் 2012 முதல் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது.

இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் சான்று இருக்கிறது. பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் எட்டு நாடுகளில் 1,800க்கும் மேற்பட்ட பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். நிர்வாகம் சிறப்பாக உள்ள பள்ளிகளில் மாணவர் தேர்ச்சியும் கூடுதலாக இருந்தது. எட்டு நாடுகளில் நிர்வாக மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தது இந்தியாவுக்குத்தான். அமெரிக்க ஆய்வுகளைத் திரட்டி ஜேசன் கிரிஸமும் மற்றவர்களும் 2021இல் வெளியிட்ட அறிக்கை, சராசரிக்குக் கீழான ஒரு தலைமையாசிரியரின் இடத்தில் சராசரிக்கு மேலான ஒருவர் வந்தால், மாணவர்களுக்கு ஓராண்டில் கணக்கில் ஏறத்தாழ மூன்று மாதப் படிப்பு கூடுதலாகக் கிடைப்பதற்குச் சமம் என்கிறது. நல்ல ஆசிரியர் ஒரு வகுப்பை உயர்த்துவார். தலைமையாசிரியர் மாறினால் அத்தனை வகுப்புகளும் அசைகின்றன.

ஆனால் நிர்வாகம் முக்கியம் என்பதும், நிர்வாகப் படிப்பு பயன்தரும் என்பதும் ஒன்றல்ல. இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்தக் கொண்டுவந்த ஒரு பெருந்திட்டத்தைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தார்கள். அந்தத் திட்டத்தின்கீழ் பள்ளிகள் மதிப்பிடப்பட்டன, மேம்பாட்டுத் திட்டங்கள் எழுதப்பட்டன, கோப்புகள் நிறைந்தன. வகுப்பறையில் எதுவும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. அப்படியிருந்தும் அந்தத் திட்டம் பிற மாநிலங்களுக்கும் பரவியது என்பது நம் அதிகார அமைப்பின் விசித்திரம். இங்கிலாந்தோ, புதிதாகத் தலைமையாசிரியர் ஆகிறவர்களுக்கு ஒரு தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கிவிட்டு, 2012இல் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இவற்றைப் பார்த்துவிட்டுப் படிப்பே வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றவே நேரம் போதாத ஒரு தலைமையாசிரியரிடம் இன்னொரு படிவத்தைக் கொடுத்தால் அவர் அதையும் நிரப்பித்தான் கொடுப்பார். மத்தியப் பிரதேசம் காட்டுவது அதைத்தான். அதற்கு மாறாக, சிங்கப்பூரில் தேர்ந்தெடுத்த துணைத் தலைமையாசிரியர்களை, தலைமைப் பொறுப்புக்கு முன்பு, தேசியக் கல்வி நிறுவனத்தில் பல மாத முழுநேரப் படிப்புக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காலம் முழுவதும் பள்ளியின் அன்றாட வேலை அவர்கள் தலையில் இல்லை.

இன்னொரு மறுப்பைத் தள்ளிவிட முடியாது. பணிமூப்பு, சிபாரிசையும் பணத்தையும் சாதிச் செல்வாக்கையும் வாசலிலேயே நிறுத்தும் வேலி. தலைமைப் பதவிக்குப் பட்டம் வேண்டும் என்று விதித்தால், கட்டணம் கட்ட முடிந்தவர்களும் நகரத்தில் இருப்பவர்களும் முந்திக்கொள்வார்கள். தபால்வழிச் சான்றிதழ் வியாபாரமும் கொழிக்கும். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே வரிசையைக் கலைக்கவேண்டாம். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் யார் யாருக்குப் பதவி உயர்வு வரும் என்பது பட்டியலைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து, அரசுச் செலவில் படிக்கவைக்கலாம். ஆய்வேடு என்று நூலகத்தில் தூசி படியும் தலைப்புகளை எழுதவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆண்டின் நடுவில் சேர்ந்த குழந்தைகளில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் வந்தார்கள், வராதவர்கள் எங்கே போனார்கள், பெற்றோர் கூட்டத்தை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மாற்றினால் யார் வருகிறார்கள் என்று கண்டறிவதே ஆய்வாகட்டும். தொழிற்சாலை மேலாளர்களைக் கூப்பிட்டுத் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கச் சொல்லும் ஆசை இந்த வட்டாரத்தில் எழலாம். கொள்முதலிலும் பராமரிப்பிலும் அவர்களிடம் கற்க நிறைய உண்டு. எழுதத் தெரியாத ஒரு பிள்ளை ஏன் தயங்குகிறது என்பதில் அவர்களால் உதவ முடியாது.

செலவுக்கு எங்கே போவது என்று நிதித்துறை கேட்கும். அரசு ஊழியர்களின் கூடுதல் படிப்புக்குக் கொடுத்துவந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் தமிழக அரசு நிறுத்தியது. ஆசிரியர் சங்கங்கள் அதைத் திரும்பக் கேட்கின்றன. அதை அப்படியே மீட்டுக் கொடுத்தால் சம்பளம் கூடும், பணிப்பதிவேட்டில் பட்டங்களும் கூடும். அதற்குப் பதிலாக, அந்தச் செலவில் ஒரு பங்கை, படிக்கப் போகும் ஆசிரியர் இடத்தில் ஓராண்டுக்கு மாற்று ஆசிரியரை அமர்த்தப் பயன்படுத்தலாம்.