பூஸ்டர் எங்கே இருக்க வேண்டும்?

புனேக்குத் தென்மேற்கே சிங்ககட் மலைக்கோட்டை. 1973 முதல் தூர்தர்ஷன் அலைகள் அங்கிருந்து வந்தன.

கட்கியில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு கொம்பு ஆன்டெனா இருந்தது. படம் முழுக்கப் புள்ளி. அப்பா ரேஷன் காசில் பூஸ்டர் வாங்கிவந்து, டிவிக்குப் பின்னால் மாட்டினார். புள்ளியும் சேர்ந்து பெருகியது! அம்மாவுக்குக் கோபம்.

ஏன் இப்படி? பூஸ்டர் அலையைப் பெரிதாக்கும். கூடவே இரைச்சலையும் பெரிதாக்கும். அதற்கு இரண்டும் ஒன்றுதான். சுவரைத் தாண்டும்போது அலை மெலிகிறது. ஒயர் நீளமானால் இன்னும் மெலிகிறது. மெலிந்த பிறகு பெருக்கி என்ன பயன்?

அம்மாதான் ஆன்டெனாவைச் சிங்ககட் பக்கத்து ஜன்னலில் வைத்தார். பூஸ்டரை அதன் அருகிலேயே மாட்டினோம். செய்தி வாசிப்பவரின் முகம் தெரிந்தது.

2022-க்குள் தூர்தர்ஷன் அந்தப் பழைய ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. டிஜிட்டல் அலையில் புள்ளி வராது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அப்போதும் முதலில் ஆன்டெனாவை ஜன்னலுக்கு நகர்த்திப் பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம்.