ஸ்கா இசையும் இரசிகர் வழக்கும்

தாம் முதலிற் போற்றிய இசைக்குழு ஊரெல்லாம் புகழ் பெற்றதும், பழைய இரசிகர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. ஸ்கா இசையை விரும்புவோரிடையே இது நெடுங்கால வழக்கு. "இவர்கள் பொப்பிசைக்குப் போய்விட்டார்கள்" என்பதே குற்றச்சாட்டு. அது நியாயந்தானா என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

ஸ்கா 1950களின் இறுதியில் ஜமெய்க்காத் தீவிலே பிறந்தது. அமெரிக்க வானொலியிற் கேட்ட கறுப்பின மக்களின் ஆட்டப் பாடல்கள், ஜாஸ், உள்ளூர் நாட்டார் பாடலாகிய மெண்டோ ஆகியன கலந்தே அது உருவாயிற்று. அதன் உயிர் தாளத்திலே உள்ளது. இரண்டு தாள அடிகளுக்கு நடுவே கிற்றார் வெட்டி ஒலிக்கும். ஊதுகருவிகள் அதனோடு முழங்கும். கேட்பவர் கால் தானாகவே துள்ளும்.

கிங்ஸ்ரன் நகரின் தேர்ந்த வாத்தியக் கலைஞர்கள் 1964இல் ஸ்கற்றலைற்ஸ் குழுவாகக் கூடினர். அதே ஆண்டில் மில்லி ஸ்மோல் என்னும் ஜமெய்க்கா நங்கை இலண்டனிற் பாடிய 'மை போய் லொலிபொப்' பிரித்தானியாவில் இரண்டாம் இடத்தை எட்டியது. அது பழைய அமெரிக்கப் பாடலொன்றின் ஸ்கா வடிவம். ஆழ்ந்த வாத்திய இசையும் இலகுவான பாட்டும் அன்றே அருகருகே வாழ்ந்தன என்பது இதனாற் பெறப்படும்.

பின்னர் 1979இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜெரி டாமர்ஸ் என்பார் 'ரூ ரோன்' இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இனப்பகை மலிந்திருந்த அக்காலத்திலே, கறுப்பரும் வெள்ளையருமான இளைஞர்கள் அவருடைய 'ஸ்பெஷல்ஸ்' குழுவில் ஒன்றாக நின்று பாடினர். அடுத்த ஆண்டே அக்குழு, விடுதிக் கூடங்களில் ஒலிக்கும் மெல்லிசைப் பாணியையும் தன் இரண்டாவது இசைத்தட்டிற் புகுத்தியது. துள்ளும் தாளத்தை எதிர்பார்த்த இரசிகர் பலர் திகைத்தனர். ஆனால் 1981இல் வெளிவந்த அவர்களது 'கோஸ்ற் ரவுன்' பாடலோ மெதுவாக நகர்வது. வேலையின்மையையும் பாழடைந்த நகரையும் பாடுவது. இங்கிலாந்து நகரங்களிற் கலவரம் மூண்ட அந்நாட்களில் அது முதலிடம் பெற்றது. பழைய துள்ளலே வேண்டுமென்றோர் சொற்படி அக்குழு நடந்திருப்பின், அப்பாடல் நமக்குக் கிடைத்திராது.

எனினும், மறுபக்கமும் உண்டு. 'மட்னெஸ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலாகிய 'அவர் ஹவுஸ்' இனியதே. ஆயினும், அதைப் பொப்பிசை என்றழைப்பதே பொருந்தும். அதனை மட்டுங் கேட்டு, ஸ்கா இதுவே என ஒருவர் எண்ணுவாராயின், அவ்விசையைப் படைத்த ஜமெய்க்காக் கலைஞர்களின் உழைப்பு மறைந்துபோகும். பழைய இரசிகரின் அச்சம் இவ்விடத்தில் நியாயமானதே.

ஆனால் 'மட்னெஸ்' என்ற பெயரே ஜமெய்க்காவின் பிரின்ஸ் பஸ்ரர் பாடிய பாடலொன்றின் பெயர். அவர்களுடைய முதல் இசைத்தட்டும் அவரைப் போற்றியதே. எங்கிருந்து பெற்றோம் என்பதை அவர்கள் மறைத்தாரல்லர்.

கலப்பிலே பிறந்த கலை மேலுங் கலப்பது குற்றமாகாது. பெற்ற கடனை மறப்பதே குற்றம் என்பது நம் துணிபு. புதிய பாடலை விரும்பும் மாணவர், அதன் மூலத்தையும் ஒருமுறை தேடிக் கேட்பாராயின், வழக்கில் இரு சாராரும் வென்றவராவர்.