மறுபடியும் ரெண்டு கோடு: டாக்டரை எப்போ பார்க்கணும்?

முன்னாடி ஒரு தடவை கரு கலைஞ்சவங்களுக்கு, மறுபடியும் ரெண்டு கோடு வந்தா சந்தோஷத்தோட பயமும் வரும். "மூணு மாசம் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"னு வீட்டுல சொல்வாங்க. சொந்தக்காரங்களுக்கு அது சரி, டாக்டருக்கு இல்ல. அந்த வாரமே பழைய ரிப்போர்ட்டோட போங்க.

5-வது வாரத்துல ஸ்கேன் எடுத்தா இதயத்துடிப்பு தெரியாம போகலாம். 7-வது வாரத்துல தெளிவா தெரியும்.

லேசா ரத்தம் பட்டாலும் சொல்லுங்க. கரு கர்ப்பப்பையிலதான் இருக்குன்னு ஸ்கேன்ல உறுதியானா, இப்படிப்பட்டவங்களுக்கு புரொஜெஸ்டிரோன் தரலாம்னு பிரிட்டனோட 'நைஸ்' அமைப்பு 2021-ல பரிந்துரைச்சிருக்கு. நீங்களா வாங்கிப் போடாதீங்க.

ஒரு பக்கமா கடுமையான வயித்து வலி, மயக்கம்னா காத்திருக்க வேண்டாம், 108-க்கு கூப்பிடுங்க.

பயமா இருக்குன்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அதுவும் அவங்க கேட்க வேண்டிய விஷயம்தான்.