பிள்ளைகள் கேட்கும் நாளில்...



யோர்தான் நதியை உலர்ந்த தரையிலே கடந்து கரையேறிய இஸ்ரவேல் மக்கள், அடுத்துச் செய்த காரியம் யாது? அவர்கள் வெற்றி விழா எடுக்கவில்லை. குலத்துக்கு ஒருவராகப் பன்னிருவர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களைச் சுமந்து வந்தனர். அவை கில்காலிலே நாட்டப்பட்டன. பின்னொரு காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு அவற்றின் பொருளை வினவும்போது, பெற்றோர் நடந்ததை எடுத்துரைக்க வேண்டும் என்பதே ஆண்டவரின் ஏற்பாடு. யோசுவாவின் நூல் நான்காம் அதிகாரம் இதனை நமக்கு விவரிக்கிறது. விடுதலையைக் கொண்டாடுவதென்பது, வேதாகமத்தின் வழியில், பிள்ளையின் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதாகும்.

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி நமது நாடு சுதந்திரம் பெற்றது. ஆண்டுதோறும் அந்நாளில் கொடியேற்றமும் அணிவகுப்பும் நடைபெறுகின்றன. ஆலயங்களில் நாட்டுக்காக வழிபாடுகள் ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமொன்றில், “இந்த நாள் நமக்கும் உரியதா?” என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்வோம்? மௌனம் பதிலாகாது, மனக்கசப்பும் பதிலாகாது. நமது நகரிலேயே நாட்டப்பட்டிருக்கும் சில நினைவுக் கற்களிடம் பிள்ளையை அழைத்துச் செல்வோம்.

முதலாவது கல், கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டிலே நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் நிறைவு செய்த ஆலயம் இது. அதன் கம்பீரம் நம் உள்ளத்தைக் கவருகிறது. எனினும், அதனைக் கட்டிய ஆட்சி கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த ஆட்சி என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அத்தடையின் நடுவேதான், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்றார். கண்டியிலே ஒற்றன் எனச் சிறை வைக்கப்பட்டார். பின்னர் அவருக்குப் பணி செய்ய இடமளித்தவர் பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் கண்டியைப் பெரியம்மை வாட்டியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளை அடிகளார் மதம் பாராது பராமரித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கிறிஸ்தவ ஆட்சியாளர் துரத்திய குருவுக்குப் பௌத்த மன்னர் அடைக்கலம் தந்தார் என்ற இந்த வரலாறு, நம் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பில் சொல்லப்பட வேண்டாமா?

இரண்டாவது கல்லைத் தொடுவதற்கு நமக்குத் தாழ்மை வேண்டும். 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையின் தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கர் கூட்டமொன்றினால் தாக்கப்பட்டது. மன்னிப்பின் திருநாளிலே நம்மவரின் கரங்கள் கற்களை ஏந்தின. 136 ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, மற்றோர் உயிர்ப்பு ஞாயிறன்று, அதே பகுதியிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் நம் மக்களின் இரத்தம் சிந்தப்பட்டது. ஒன்றை மற்றொன்றின் தண்டனையென எண்ணுவது விசுவாசமன்று. ஆனால், நாம் பட்ட காயத்தை மட்டும் நினைவில் வைத்து, நாம் ஏற்படுத்திய காயத்தை மறப்பது நேர்மையுமன்று. பொற்கன்றுக்குட்டியின் கதையை இஸ்ரவேலர் தம் திருநூலிலிருந்து அழித்துவிடவில்லை அல்லவா?

மூன்றாவது கல் கண்ணுக்குத் தெரியாதது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் நிறைவேற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கியது. கிறிஸ்தவரான எஸ். ஜே. வி. செல்வநாயகம் அந்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1983 ஜூலையில் வெள்ளவத்தைத் தெருக்களிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதே நாட்களில், தம் உயிரைப் பணயம் வைத்து அயலவரை ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வோம். முதலாவதை மறைத்தால் பிள்ளை நம்மை நம்பாது. இரண்டாவதை மறைத்தால் பிள்ளை அயலவரை நம்பாது.

எகிப்தில் அடிமைகளாயிருந்ததை நினைவுகூரும்படி மோசே மக்களுக்குக் கட்டளையிட்டார். பழி தீர்ப்பதற்காகவா? இல்லை. அந்நியருக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நீதியைப் புரட்டாதிருப்பதற்காக என்று இணைச்சட்ட நூல் இருபத்துநான்காம் அதிகாரம் போதிக்கிறது. நினைவு இரக்கமாகக் கனிய வேண்டும். பெற்ற சுயாதீனத்தை அன்பினால் ஒருவருக்கொருவர் பணிபுரிவதற்கே பயன்படுத்த வேண்டும் என்று பவுலடியாரும் கலாத்தியருக்கு எழுதினார்.

ஆகவே, அன்பானவர்களே, சுதந்திர தினத்தன்று ஒரு மணி நேரத்தையாவது நம் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். கொட்டாஞ்சேனையின் ஆலயங்களையும் விகாரையையும் அவர்களோடு நடந்து சென்று காண்போம். வீட்டிலுள்ள முதியோரைத் தாம் கண்டதைச் சொல்ல வைப்போம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைத் திருத்தலத்துக்குச் சென்றிருக்கிறீர்களா? இந்துக்களும் பௌத்தரும் நம்முடன் ஒரே வரிசையில் மெழுகுதிரி ஏந்தி நிற்பதைக் காண்பீர்கள். “இந்த நாள் நமக்கும் உரியதா?” என்ற கேள்விக்கு அவ்வரிசையிலே ஒரு பதில் உண்டு. இந்த நாடு நமக்கும் உரியது. ஆதலால் அதன் காயங்களை ஆற்றும் பொறுப்பும் நமக்குரியது.

வரலாற்றின் ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லும் துணிவையும், அதனைக் கசப்பின்றிச் சொல்லும் அன்பையும் எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.