சமணர் மலை வவ்வாலும் உடம்புக்குள் ஓடும் கடிகாரமும்



கீழக்குயில்குடி சமணர் மலைக்கு நம்மில் பல பேர் போயிருப்போம். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், மேலே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிலைகள் எல்லாம் பார்த்திருப்போம். ஆனால் அந்த மலையில் ஒரு குகைக்குள் வவ்வால்களை வைத்து நடந்த ஆராய்ச்சி வெளிநாட்டு அறிவியல் இதழில் வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

அந்தக் குகைக்குள்ளே போனால் கும்மிருட்டு. பகலா, ராத்திரியா என்றே சொல்ல முடியாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சூடு ஏறாது, இறங்காது. அப்படி இருந்தும் பூச்சி தின்கிற சின்ன வவ்வால்கள் தினமும் பொழுது சாய்ந்ததும் டாண்ணு வெளியே கிளம்பிவிடும். அதுங்களுக்கு யார் மணி அடிக்கிறார்கள்?

இதைத்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரனும், ஜி. மாரிமுத்துவும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். சந்திரசேகரன் அதற்கு முன்பு ஜெர்மனியில் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்தவர். இங்கே வந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வவ்வால் குகை இருந்தது. அவர் கொடுத்து வைத்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்!

ஒரு வவ்வாலைக் கூண்டில் அடைத்து, வவ்வால் இல்லாத வேறொரு இருட்டுக் குகையில் வைத்தார்கள். அது எப்போது பறக்கிறது, எப்போது சும்மா தொங்குகிறது என்று கருவி குறித்துக்கொண்டே இருக்கும். சூரியனே தெரியாவிட்டாலும் அது கண்ட நேரத்தில் பறக்கவில்லை. ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு தடவை என்று ஒழுங்காகத்தான் பறந்தது. ஆனால் சரியாக 24 மணி நேரம் இல்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் நகர்ந்துபோனது. சாவி கொடுத்த கடிகாரம் தப்பாக ஓடுமே, அது மாதிரி.

அதே மாதிரி இன்னொரு வவ்வாலைக் கூண்டோடு அதன் கூட்டம் இருக்கிற குகையிலேயே வைத்தார்கள். இதுவும் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்தில் இதுவும் கூண்டுக்குள் பறக்க ஆரம்பித்தது. நேரம் நகரவே இல்லை. அப்படீன்னா கடிகாரம் உடம்புக்குள் இருக்கிறது, அதைச் சரி செய்வது கூட்டாளிகள்! இது 1981-ல் வெளியானது. வேறு சாதி வவ்வாலை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வைத்தால் அது இவற்றின் நேரத்தைப் பின்பற்றவில்லை என்பதையும் பிறகு கண்டுபிடித்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

செடிகளுக்கும் கடிகாரம் உண்டு. தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1729-லேயே பிரான்சில் டி மைரான் என்பவர் இலை மூடித் திறக்கும் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அது நேரத்துக்கு மூடித் திறந்தது.

சரி, மனுசனுக்கு? 1962-ல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கைக்கடிகாரம் இல்லாமல் குகைக்குள் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14-ந்தேதி வெளியே கூப்பிட்டபோது, இன்றைக்கு ஆகஸ்ட் 20 தானே என்றாராம்! நம் காமராசர் பல்கலைக்கழகத்திலும் வெயில், கடிகாரம், ரேடியோ எதுவும் எட்டாத அறை கட்டி, அதில் ஆட்களைத் தங்க வைத்து அவர்கள் தூங்கி எழும் நேரத்தைக் குறித்தார்கள்.

நமக்குத் தலைமைக் கடிகாரம் மூளையில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே போகிற இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் சரி செய்கிறது. உடம்புச் சூடு, பசி, தூக்கம் எல்லாம் அது சொல்கிறபடிதான். விலங்கியல்காரர் வவ்வாலைப் பார்த்தார், தாவரவியல்காரர் இலையைப் பார்த்தார், மரபணு படித்தவர்கள் ஈயைப் பார்த்தார்கள், இப்போது டாக்டர்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள். எல்லாரும் தேடியது ஒரே கடிகாரத்தை. ஈயின் செல்லுக்குள் அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து படி என்று வீட்டில் சொல்வார்கள். அந்த நேரத்தை ஒட்டித்தான் உடம்புச் சூடு மிகவும் குறைந்து இருக்கும். நம் வயதில் இந்தக் கடிகாரம் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். சீக்கிரம் படுத்தவர்கள் எழலாம். பதினொரு மணி வரை விழித்தவரை நாலு மணிக்கு எழுப்பினால் புத்தகம்தான் திறந்திருக்கும்! (ஆசிரியர்கள் மன்னிக்கவும்.)

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நம் ஊர்ப் பக்கம் நிறைய அக்காக்கள் நூல் மில்லுக்கு நைட் ஷிப்ட் போகிறார்கள். பல வருடம் ராத்திரி வேலை பார்த்தால் புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சொன்னது, 2019-ல் மறுபடியும் சொன்னது. உள்கடிகாரம் ஒரே நாளில் திரும்பாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். அக்கா காலையில் வந்து படுக்கும்போது வெயில் ஜன்னல் வழியே எழுந்திரு என்கிறது, குழாயடியில் குடம் உருள்கிறது, தெருவே விழித்திருக்கிறது. கடிகாரம் யார் பேச்சைக் கேட்கும்? அது பழகி முடிப்பதற்குள் அடுத்த வாரம் பகல் ஷிப்ட் வந்துவிடுகிறது.