கயிறு ஏறும் மூளை அணுக்கள்!

அந்தச் சுண்டெலிக் குஞ்சுக்கு வயது இரண்டு வாரம்தான். அதன் உடன் பிறந்த குஞ்சுகள் ஓடுகின்றன, தாவுகின்றன. இது மட்டும் நிற்க முடியாமல் தவிக்கிறது. உடம்பு நடுங்குகிறது. இரண்டு அடி எடுத்து வைத்தால், பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது. குடித்தவன் தெருவில் தள்ளாடுவது போல!

ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரத்தில் இந்த விசித்திர எலிகள் பிறந்தன. டக்ளஸ் பால்கனர் என்ற விஞ்ஞானி 1951-ம் ஆண்டில் இவற்றைப் பற்றி எழுதினார். "ரீலர்" என்று இவற்றுக்குப் பெயர். "தள்ளாடி" என்று பொருள்.

எலியின் காலில் ஒரு குறையும் இல்லை. குறை மூளையில் இருந்தது. அந்த மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். மேலே இருக்க வேண்டிய அணுக்கள் கீழே கிடந்தன. கீழே இருக்க வேண்டியவை மேலே இருந்தன. மாடியைக் கீழே வைத்து, தரைத் தளத்தை அதன் மேல் கட்டியது போல!

ஏன் இப்படி ஆயிற்று? அதைத் தெரிந்துகொள்ள, தாயின் வயிற்றில் மூளை எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

பிறப்பது ஓரிடம், வாழ்வது வேறிடம்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. மூளையின் மேலே, போர்வை போல ஒரு பகுதி மூடியிருக்கிறது. அதன் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதற்குள் மட்டும் சுமார் 1,600 கோடி அணுக்கள்! நாம் பேசுவதும், படிப்பதும், கணக்குப் போடுவதும் இந்தப் போர்வையின் தயவால்தான். இதில் ஆறு அடுக்குகள் உண்டு.

இந்த அணுக்கள் எல்லாம் அங்கேயே பிறந்தவை என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை!

கரு உண்டான சில வாரங்களில், மூளை ஒரு குழாய் போல இருக்கிறது. குழாயின் உள்ளே நீர். அந்த நீரின் கரையில்தான் நரம்பு அணுக்கள் பிறக்கின்றன. பிறந்த அணு அங்கே தங்குவதில்லை. வெளிப்புறத்தை நோக்கிப் புறப்பட்டு விடுகிறது. மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை இந்தப் பயணம் மும்முரமாக நடக்கிறது.

தூரம் அதிகம் இல்லை. மில்லிமீட்டர் கணக்குத்தான். ஆனால் அணுவின் உடம்போ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! ஒரு சென்டிமீட்டர் போவதென்றால், தன் உடம்பைப் போல ஆயிரம் மடங்கு தூரம் போக வேண்டும்.

காலும் இல்லை, கண்ணும் இல்லை. அது வழி தவறாமல் எப்படிப் போகிறது?

கயிறு அல்ல, தாய்!

யூகோஸ்லாவியாவில் பிறந்து, அமெரிக்காவுக்குச் சென்றவர் டாக்டர் பாஸ்கோ ராகிச். அவர் குரங்குக் கருவின் மூளையை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தார். உள்ளே இருந்து வெளி ஓரம் வரை, மெல்லிய இழைகள் நீண்டிருந்தன. ஒவ்வோர் இழையையும் கட்டிக்கொண்டு, இளம் நரம்பு அணுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. கிணற்றில் இறங்கியவன் கயிற்றைப் பிடித்து மேலே வருவது போல! 1972-ல் அவர் இதை உலகுக்கு அறிவித்தார்.

ஏறும் விதமும் வேடிக்கையானது. அணு முதலில் தன் முன்பகுதியைக் கை போல நீட்டுகிறது. பிறகு, வயிற்றில் இருக்கும் கருவை முன்னால் இழுத்துக்கொள்கிறது. மறுபடி நீட்டுகிறது, மறுபடி இழுக்கிறது. எலியின் மூளை அணுக்கள் இப்படிப் போவதை 1987-ல் அமெரிக்காவில் படம் பிடித்தார்கள்.

அந்த இழைகள் எங்கிருந்து வந்தன? அவையும் ஒரு வகை அணுக்களின் நீண்ட கைகள்தான். வெறும் சாரம் போலத்தான் அவை பயன்படுகின்றன என்று விஞ்ஞானிகள் வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 2001-ம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. அந்த அணுதான் இரண்டாகப் பிரிந்து நரம்பு அணுவைப் பெறுகிறது! பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளை ஏறிப் போகத் தன் உடம்பையே கயிறாகக் கொடுக்கிறது. எல்லோரும் ஏறி முடித்த பிறகு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, நரம்பு அணுக்களுக்குத் துணை செய்யும் வேறு வகை அணுவாக மாறிவிடுகிறது.

முந்தியவருக்குக் கீழ்த் தளம்

ஏறுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிறந்த அணுக்கள் கீழ் அடுக்கில் தங்குகின்றன. அடுத்துப் பிறந்தவை அவற்றைத் தாண்டி, மேல் அடுக்குக்குப் போகின்றன. கடைசியில் பிறந்தவைக்கு மேல் மாடி! 1961-ல் ஆஞ்செவின், சிட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளின் மூளையில் இதை நிரூபித்தார்கள்.

தள்ளாடும் எலியிடம் இந்த ஒழுங்குதான் கெட்டிருந்தது. பின்னால் வந்த அணுக்கள் முன்னால் வந்தவற்றைத் தாண்ட முடியாமல், கீழேயே நின்றுவிட்டன. காரணம் 1995-ல் தெரிந்தது. மூளையின் வெளி ஓரத்தில் காவலாளி போல நிற்கும் சில அணுக்கள், ஒரு புரதத்தைக் கசிய விடுகின்றன. அதற்கு "ரீலின்" என்று பெயர் வைத்தார்கள். தள்ளாடும் எலியிடம் அது இல்லை. ஒரே ஒரு புரதம் இல்லாததால், மூளையின் அடுக்குகள் குலைந்துவிட்டன!

எல்லா அணுக்களும் கயிறு ஏறுவதில்லை. சில பக்கவாட்டில் நெடுந்தூரம் போகின்றன. சில, மூக்கில் பிறந்து மூளைக்குள் நுழைகின்றன! பிள்ளைகள் வயதுக்கு வருவதற்கு இவைதான் உத்தரவு போடுகின்றன. இவை வந்து சேராவிட்டால், பையனுக்கு மீசை முளைப்பதில்லை, பெண் பூப்பெய்துவதில்லை. சிலருக்கு வாசனையும் தெரியாது. நல்ல வேளையாக, இதற்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு.

வழுவழுப்பான மூளை

நம் மூளையின் மேற்புறம் அக்ரூட் பருப்பைப் போல, மேடும் பள்ளமுமாக இருக்கும். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு அது வழுவழுப்பாக இருக்கிறது. அணுக்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டதால் வரும் குறை இது. அந்தக் குழந்தைகளுக்கு வலிப்பு வருகிறது. உட்காரவும் பேசவும் முடியாமல் துன்பப்படுகிறார்கள்.

இதற்குக் காரணமான ஒரு மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அணு தன் கருவை முன்னால் இழுக்கிறதே, அந்த வேலைக்கு வேண்டிய மரபணு அது.

நம் வீடுகளில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், பழி தாய் தலையில்தான் விழுகிறது. "கிரகணத்தன்று வெளியே போனாள்", "கண்டதைத் தின்றாள்" என்பார்கள். இந்த மரபணு மாற்றமோ, பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் இல்லாதது. குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. இதில் அந்தத் தாய் செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து வரும் ஆபத்தும் உண்டு. அதற்குக் கொடிய சாட்சி ஜப்பான்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்து, பிறகு பிறந்தவர்களில் சுமார் 1,600 பேரை டாக்டர்கள் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். அவர்களில் 30 பேருக்கு அறிவு வளர்ச்சி மிகவும் குன்றியிருந்தது. பலருக்குத் தலையும் சிறியது.

ஒட்டேக், ஷல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1984-ல் வாரக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கருவுக்கு 8 வாரம் முதல் 15 வாரம் ஆகியிருந்தபோது குண்டு விழுந்ததா? அப்படிப்பட்டவர்களுக்கே பாதிப்பு மிக அதிகம். நரம்பு அணுக்கள் பெருகி, கூட்டம் கூட்டமாகப் பயணம் புறப்படும் வாரங்கள் அவை! பின்னாளில் சிலருடைய மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான இருவரின் மூளையில், போர்வைக்குப் போய்ச் சேர வேண்டிய அணுக்கள் உள்ளேயே திட்டுத் திட்டாக நின்றிருந்தன.

எக்ஸ்ரே எடுக்குமுன், "முழுகாமல் இருக்கிறீர்களா அம்மா?" என்று டாக்டர்கள் கேட்பது இதனால்தான். சாதாரண எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, குண்டின் கதிர்வீச்சைவிட மிக மிகக் குறைவு. ஆனாலும் கேட்டுக்கொள்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் வயிற்று ஸ்கேன் வேறு. அது ஒலி அலையால் எடுப்பது. அதில் கதிர்வீச்சே இல்லை.

குழந்தை பிறந்ததும் பயணம் முடிந்துவிடுகிறதா? முடிந்துவிடுகிறது என்றுதான் டாக்டர்கள் நம்பியிருந்தார்கள். 2016-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு புதுச் செய்தி சொன்னார்கள். பிறந்து சில மாதங்கள் வரை, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்கு இளம் அணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றனவாம். தூளியில் குழந்தை தூங்குகிறது. அம்மா மெல்ல ஆட்டுகிறாள். பின்தங்கிய அணுக்கள் சில, இன்னும் வழியில் இருக்கின்றன.