இரத்தக்கிரயமும் ஓய்வூதிய நிதியும்

ஸ்தேவானைக் கல்லெறிந்தோரின் வஸ்திரங்களைக் காத்து நின்ற சவுல், தன் கையால் ஒரு கல்லையேனும் எறிந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறவில்லை. ஆயினும் பிற்காலத்தில் எருசலேமில் தன் வரலாற்றை எடுத்துரைக்குங்கால், அக்கொலைக்குத் தான் சம்மதித்திருந்ததைப் பவுல் மறைக்கவில்லை. தன் கையால் செய்யாத தீமைக்கு ஒருவன் எம்மட்டும் பொறுப்பாளி என்னும் வினா நம் நெறிமுறையியல் வகுப்புகளில் பழகியதே. அதே வினாவை ஒரு நாட்டின் அரசு தன் கருவூலத்தைக் குறித்து எழுப்பி, விடையும் கண்டது என்பதை நம்மில் பலர் கவனித்திருக்கமாட்டோம்.

அந்நாடு நார்வே. கடலடி எண்ணெயினால் வரும் வருவாயைப் பிற்காலச் சந்ததியினருக்கெனச் சேமிக்க 1990-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1996-இல் முதற்பணம் இடப்பட்டது. 2006-இல் அது ஓய்வூதிய நிதி எனப் பெயர் பெற்றது. (பெயர் அவ்வாறிருப்பினும் முதியோர்க்கு நேரடியாக ஓய்வூதியம் வழங்குவது அதன் வேலையன்று.) இன்று உலகப் பங்குச் சந்தைகளிலுள்ள பங்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை பங்கு இந்நிதிக்குரியது.

இப்பணத்தை எங்கெங்கு இடலாம் என்பதை ஆராய, சட்டப் பேராசிரியர் ஹான்ஸ் பீட்டர் கிராவரின் தலைமையில் அமைந்த குழு 2003-இல் அறிக்கை தந்தது. அது இரு கடமைகளைச் சுட்டிற்று: வருங்காலத்தார்க்குச் செல்வம் குன்றாமல் காத்தல் ஒன்று; கொடிய தீமைக்கு உடந்தையாகாதிருத்தல் மற்றொன்று. 2004-இல் நெறிமுறைகள் வகுக்கப்பட்டு, நெறிமுறைக் குழு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. வழக்கமாகப் பயன்படுத்தும்போதே மனிதநேய அடிப்படைகளை மீறும் ஆயுதங்களைச் செய்வோர் விலக்கப்படவேண்டும் என்பது ஒரு விதி. அணு ஆயுதம் அவற்றுள் அடங்கும்.

2006 சனவரியில் ஏழு நிறுவனங்கள் இக்காரணத்திற்காக விலக்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. அவற்றுள் போயிங் ஒன்று. அதன் பெயரைக் கேட்டால் நமக்குப் பயணிகள் விமானமே நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைப் பேணும் பணியும் அதற்குண்டு. பி.ஏ.இ. சிஸ்டம்ஸ், ஃபின்மெக்கானிக்கா ஆகிய இரண்டின் நிலையோ இன்னும் நுட்பமானது. பிரான்சு விமானப்படைக்கு அணு ஏவுகணை செய்யும் எம்.பி.டி.ஏ. என்னும் கூட்டு நிறுவனத்தில் இவை பங்குடையவை. அதுவே போதுமான காரணமாயிற்று. நிறுவனத்தின் மொத்த வியாபாரத்தில் அணு ஆயுத வேலை எத்தனை விழுக்காடு என்று அங்கே கேட்கப்படுவதில்லை. பங்கு ஒன்றே, அதில் விமானத்தின் இலாபத்தை மட்டும் பிரித்து வாங்க இயலாது. இவ்விலக்கல் சென்ற காலத்துக் குற்றத்திற்குத் தண்டனையுமன்று. இனிமேல் உடந்தையாகாதிருத்தலே நோக்கம் என்கின்றனர். நிறுவனம் அவ்வேலையை விட்டுவிட்டால் விலக்கும் நீங்கும்.

விற்ற பங்கை வேறொருவர் வாங்குவார். நிறுவனத்திற்கு ஒரு நட்டமும் இராதே எனச் சிலர் கேட்பர். உண்மையே. பங்கை விற்பதால் ஏவுகணை ஒன்றும் குறையவில்லை. ஆனால் சவுல் வஸ்திரங்களைக் காவாமல் வீடு சென்றிருந்தாலும் கற்கள் விழுந்தேயிருக்கும். ஆகையால் அவன் நின்றது பொருட்டல்ல என்று நாம் போதிப்பதில்லை. அன்றியும் நிதியானது முதலில் ஓசையின்றிப் பங்குகளை விற்றுவிட்டு, பின்பு பெயரையும் காரணத்தையும் பகிரங்கமாக வெளியிடுகிறது. பெயர் சொல்லப்படுவதை நிறுவனங்கள் விரும்புவதில்லை.

இதனினும் கடினமான ஆட்சேபணை ஒன்றுண்டு. நார்வே 1949 முதல் வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடு. அமெரிக்க அணு ஆயுதத்தின் நிழலில் பாதுகாப்புத் தேடுகிறது. 2017-இன் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் அது கையொப்பமிடவில்லை. அதே நிதி அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களையும் வைத்திருக்கிறது. யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசு இரத்தக்கிரயம் ஆகையால் காணிக்கைப்பெட்டிக்குத் தகாது என்று தீர்த்த பிரதான ஆசாரியர், அக்காசைக் கொடுத்தவர்களே அல்லவா? இவ்வொப்புமை நம்மை உறுத்துகிறது. அதை மழுப்ப நாம் விரும்பவில்லை. எனினும் தகாத பணம் ஒன்று உண்டு என்பதை அவர்களும் அறிந்திருந்தனர். அவ்வறிவு பொய்யென்று எண்ணிவிடலாகாது.

நெதர்லாந்தில் இம்முரண்பாடு வேறு வடிவில் தோன்றிற்று. 2017 சூலையில் ஐக்கிய நாடுகள் அவையில் 122 நாடுகள் தடை ஒப்பந்தத்தை ஏற்றபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அதுவே. ஆறு மாதம் கழித்து, 2018 சனவரியில், அந்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் ஆகியோரின் ஓய்வூதிய நிதியான ஏ.பி.பி., புகையிலை, அணு ஆயுதம் இரண்டிலுமிருந்து முதலீட்டை விலக்குவதாக அறிவித்தது.

இவை நிலையான வெற்றிகள் அல்ல. 2022-இல் உக்ரைன் மீது தொடுக்கப்பட்ட முழுப் படையெடுப்பிற்குப் பின், ஆயுத நிறுவனங்கள் மீதுள்ள விலக்கை நீக்கவேண்டும் என்னும் குரல் நார்வேயிலும் எழுந்தது. 2025 நவம்பரில் அந்நாட்டுப் பாராளுமன்றம், நெறிமுறைகள் மறுஆய்வு செய்யப்படுமட்டும் புதிய விலக்கல்களை நிறுத்திவைக்கத் தீர்மானித்தது.

அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்றி, அதை உற்பத்தி செய்வதும் மனுக்குலத்திற்கு எதிரான குற்றமென்று உலகத் திருச்சபைகள் மன்றம் 1983-இல் வான்கூவரில் அறிவித்தது. அவ்வறிக்கையை நாம் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறோம். நம் திருச்சபைகளிலும் ஆயர்களுக்கு ஓய்வூதிய நிதிகள் உண்டு. அப்பணம் எங்கே இடப்பட்டிருக்கிறது என்று பேரவையில் எழுந்து கேட்ட ஆயர் ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை.